பாய் விரித்தால் கடன் தீருமா?

தோழரே!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே, சொல்ல வந்ததை ஒரு காட்சியாகவே உங்கள் முன் வைத்து விடுகிறேன், பொறுத்தருள்க.

திரை உயர்கிறது. இடம், அமெரிக்க நாட்டின் ஓஹியோ மாநிலத்திலே ஒரு சிற்றூர். நாள், ஜூலைத் திங்கள் நான்கு. அந்நாட்டின் விடுதலைத் திருநாள். நேரம், இருட்டத் தொடங்கும் வேளை. கூடத்திலே மேசை. மேசையைச் சுற்றிக் கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை. உணவு பரிமாறப்பட்டிருக்கிறது. பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. தெருவிலே யாரோ ஒரு சிறுவன் வெடியைக் கொளுத்துகிறான். படார் என்று ஓர் ஓசை!

கணவனைக் காணோம்! நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. மேசைக்கு அடியிலே குப்புறப் படுத்து, இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான் அந்த ஆறடி ஆண்மகன். அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று எண்ணிக் கைகொட்டிச் சிரிக்கிறது குழந்தை. தாய் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவன் உடல்தான் ஓஹியோவில் கிடக்கிறது. உள்ளம் 2004-ஆம் ஆண்டின் ஈராக்கிலே, பலூஜா நகரத்துத் தெருவொன்றிலே, இடிந்த சுவரோரம் பதுங்கிக் கிடக்கிறது.

கோழை என்பீர்களா அவனை? சுவரைப் பாருங்கள். அவன் வீரத்தைப் பாராட்டி அரசாங்கம் அளித்த பதக்கம் அங்கே மாட்டப்பட்டிருக்கிறது. பதக்கம் சுவரிலே, பெற்றவன் தரையிலே!

இந்தக் காட்சி என் கற்பனை. ஆனால், இத்தகைய வீடுகள் கற்பனையல்ல. போரிலிருந்து திரும்பியும் போரிலேயே வாழ்கின்ற மனிதர்கள் அந்நாட்டிலே பல இலட்சம். அவர்களுக்கு ஆறுதலாக யோகப் பயிற்சியும் தற்காப்புக் கலைகளும் இப்போது கற்பிக்கப்படுகின்றன. அது நல்லதுதானா, போதுமா, அதைச் சொல்லி எவரேனும் தம் பொறுப்பிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்களா என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை நாம் சற்று அமர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

ஊமைக் காயம்

கால் போனவனுக்கு ஊன்றுகோல் சாட்சி. கண் போனவனுக்குக் கறுப்புக் கண்ணாடி சாட்சி. நெஞ்சிலே காயம் பட்டவனுக்குச் சாட்சி யார்? அந்தக் காயம் ஊமைக் காயம். போர் முடிந்தது என்று தலைவர்கள் கையெழுத்திடுகிறார்கள். ஏடுகள் எட்டுப் பத்தித் தலைப்பிலே வெளியிடுகின்றன. அந்தச் செய்தி அவன் உடம்புக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை!

இரவிலே கனவாக வருகிறது களம். பகலிலே, பெட்ரோல் வாடை போதும், தெருவிலே கிடக்கும் ஒரு குப்பை மூட்டை போதும், மீண்டும் அதே களம். உணவகத்துக்குப் போனால் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவான். பின்னாலிருந்து தோளைத் தொட்டவன் நண்பனானாலும் நொடியிலே பகைவனாகி விடுகிறான். பெற்ற பிள்ளையை அணைத்துக்கொள்ளும் போதும் உள்ளம் மரத்துக் கிடக்கிறது. உறக்கம் வேண்டிக் குடிக்கிறான். குடித்ததனால் வேலை போகிறது. வேலை போனதனால் வீடும் போகிறது.

அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தக் கோளாறு என்று மருத்துவ நூல்கள் இதற்குப் பெயர் சூட்டியுள்ளன. படிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இதையே ஒரு சொல்லில் நமக்குத் தந்தவர்கள் ஈழத் தமிழர்கள்: ‘மனவடு’. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தப் பெயரிலேயே நூல் எழுதினார். குண்டு மழையின் நடுவே இருந்துகொண்டு கண்ட சொல் அது. புண் மூடிவிட்டது, தடம் போகவில்லை. வடு என்பதன் பொருள் அதுதானே!

பெயரும் போராடியே வந்தது

இந்த நோய் நேற்று முளைத்ததன்று. பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நெஞ்சு படபடக்க வந்து நின்ற வீரர்களைச் சோதித்த டா கோஸ்டா என்ற மருத்துவர், 1871-இல் அதை இதயக் கோளாறு என்றே எழுதி வைத்தார். முதல் உலகப் போரிலே, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை மருத்துவ ஏட்டிலே ஏற்றினார். பீரங்கிக் குண்டு வெடித்த அதிர்ச்சி என்று பொருள்.

பெயர் கிடைத்தது, பரிவு கிடைத்ததா? இலண்டனிலே, பேச்சிழந்து வந்த சிப்பாயின் தொண்டையிலே மின்சாரம் பாய்ச்சினார் யெல்லண்ட் என்ற மருத்துவர். எடின்பரோ நகரத்துக் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையிலே, ரிவர்ஸ் என்ற மருத்துவர் எதிரே உட்கார்ந்து, சொல்லு, கேட்கிறேன் என்றார். ஒரே நாடு, ஒரே போர், ஒரே நோய். ஒருவர் கையிலே மின்கம்பி. மற்றொருவரிடம் பொறுமையான செவி!

பிரிட்டிஷ் படையோ வேறொரு மருந்தும் வைத்திருந்தது. கோழைத்தனம், படையை விட்டோடுதல் போன்ற குற்றங்களுக்காக அந்தப் போரிலே அது சுட்டுக் கொன்ற தன் சொந்த வீரர்களில் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டிலே மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களிலே மனம் சிதைந்து நின்றவர்களும் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன! கல்லறைக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பியது வல்லரசு. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

1943 ஆகஸ்டு. சிசிலித் தீவிலே மருத்துவமனையைப் பார்வையிட வந்தார் அமெரிக்கத் தளபதி பாட்டன். உடலிலே காயமின்றி உட்கார்ந்திருந்த சிப்பாயைக் கண்டார். கோழையே என்று கன்னத்திலே அறைந்தார். சில நாள் கழித்து மற்றொரு மருத்துவமனையிலே மற்றொரு சிப்பாய்க்கும் அதே பரிசு. மேல் தளபதி ஐசனோவர் கண்டித்து, மன்னிப்புக் கேட்கச் செய்தார். அறை விழுந்த கன்னங்கள் இரண்டு. அறை விழாமல் அவமானம் சுமந்த நெஞ்சங்கள் எத்தனையோ!

இந்த நிலையை மாற்றியவர் யார்? மருத்துவ மேதைகள் தாமாக விழித்துக்கொண்டார்களா? அரசாங்கம் இரங்கியதா? இல்லை, தோழரே, இல்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களே அணி திரண்டார்கள். போருக்கு எதிரான வியட்நாம் வீரர்கள் என்று அமைப்புக் கண்டார்கள். 1970-இன் இறுதியில் நியூயார்க் நகரத்திலே வட்டமாக உட்கார்ந்து, தாம் கண்டதையும் செய்ததையும் ஒளிவுமறைவின்றிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிப்டன், சைம் ஷாட்டன் ஆகிய மனநல மருத்துவர்கள் அந்த வட்டத்திலே வந்து அமர்ந்து கேட்டார்கள். 1972-இல் ஷாட்டன் நாளேட்டிலே எழுதினார். 1979-இல் வீரர்களுக்கென ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலே இந்த மனவடு முறையாக இடம் பெற்றது.

கவனியுங்கள். நோய்க்கு மருந்து கேட்பதற்கு முன்னால், நோய் என்று ஒப்புக்கொள்ளச் செய்யவே அவர்கள் கூட்டம் போட வேண்டியிருந்தது. கொடி பிடிக்க வேண்டியிருந்தது. காயத்தின் பெயரும் போராடியே பெறப்பட்டது. கழகத்திலே வளர்ந்த நமக்கு இது விளங்காத பாடமன்று.

மூச்சும் பிடியும்

சரி, பெயர் பெற்ற நோய்க்கு மருத்துவம் என்ன? நடந்ததைத் தேர்ந்த மருத்துவரிடம் சிறிது சிறிதாகச் சொல்லி, அஞ்சி ஒதுக்கிய நினைவை நேருக்கு நேர் பார்க்கப் பழகுவதுதான் முன்னணியிலே நிற்கும் முறை. எல்லாம் என்னால் வந்தது என்று குமைகிறவனின் எண்ணத்தை ஆராய்ந்து திருத்துவதும் உண்டு. இவை ஆய்விலே தேறியவை.

ஆனால், வாயைத் திறந்தாலே களத்தில் விழுந்து விடுகிறவன் என்ன செய்வான்? பாதியிலேயே எழுந்து போய்விடுகிறவன் என்ன ஆவான்? அத்தகையோரிடம் உடம்பின் வழியாகப் பேசிப் பார்ப்போம் என்றுதான் யோகமும் தற்காப்புக் கலையும் உள்ளே வந்தன.

இதிலே மாயமில்லை, மந்திரமில்லை. அச்சம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நெஞ்சை, நில் என்று கட்டளையிட்டு நிறுத்த முடியாது. மூச்சை முடியும். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது, வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இதயத்துக்குக் கடிவாளம் விழுகிறது; துடிப்பு தணிகிறது. மேடையேறும் முன் திரைக்குப் பின்னால் கைகால் நடுங்க நின்றிருக்கிறேன்; நீளமாக மூச்சு விட்டு, நடுக்கத்தை அடக்கி, வெளிச்சத்துக்கு வந்திருக்கிறேன். நடிகனுக்கு அரை மணித் துளி நடுக்கம். அந்த வீரனுக்கு ஆண்டு முழுதும் நடுக்கம். அளவு வேறு, வழி ஒன்று.

மனவடுப் பட்டவர்களுக்கென்றே அமெரிக்காவில் வகுக்கப்பட்ட யோகப் பயிற்சியிலே என்னைக் கவர்ந்தது ஆசனமன்று, ஆசிரியரின் பேச்சு. குனி, நிமிர் என்று அவர் ஆணையிடுவதில்லை. விரும்பினால் கையை உயர்த்திப் பாருங்கள் என்கிறார். கண்ணை மூடு என்று வற்புறுத்துவதில்லை. பின்னால் வந்து நின்று, உடம்பைத் தொட்டு வளைத்துத் திருத்துவதும் இல்லை. ஏன்? பல்லாண்டு காலம் ஆணைக்கு நடந்த உடம்பு அது. நட என்றால் நடந்தது; சுடு என்றால் சுட்டது. அந்த உடம்பைப் பார்த்து, உன் விருப்பம் என்ன என்று ஒருவர் கேட்கிறார்! கை உயர்கிறதோ இல்லையோ, கேட்கப்பட்டதே மருந்துதான்.

இனித் தற்காப்புக் கலைக்கு வருவோம். சண்டை கண்டு நொந்தவனுக்குச் சண்டைக் கலையா என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் முதலிலே அப்படித்தான் எண்ணினேன். சீனத்துத் தாய்-சி முறையைப் பாருங்கள். போர்க் கலையிலே பிறந்ததுதான். ஆனால், நீரிலே மிதக்கும் இலையைப் போல மெல்ல, மெல்ல அசைவது. ஜப்பானிலே தோன்றி, பிரேசில் நாட்டிலே வளர்ந்த ஜியு-ஜிட்சு என்னும் மல்லுக் கலையையும் பாருங்கள். குத்தில்லை, உதையில்லை, பிடியும் பிடியவிழ்ப்பும்தான். அந்தக் கூடத்திலே ஒரு விதி உண்டு. பிடி தாங்கவில்லையா? எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் போதும். தட்டிய அந்த நொடியே பிடி தளர வேண்டும். வென்றவன் கைகொடுத்துத் தோற்றவனைத் தூக்கி விடுகிறான். மறுபடி தொடங்குகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழரே! களத்திலே தட்டினால் யார் விட்டார்கள்? போதும் என்று கூவினால் எந்தக் குண்டு நின்றது? மனிதக் கை பட்டாலே வெகுண்டெழுகின்ற ஒருவன், இங்கே நெஞ்சோடு நெஞ்சு மோத உருள்கிறான், மூச்சு முட்டுகிறது, அச்சம் தலைதூக்குகிறது, ஆயினும், தட்டினால் நிற்கும் என்ற நம்பிக்கை அவனைத் தாங்குகிறது. அச்சத்தோடு இருந்தும் அழியாமல் இருக்கலாம் என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. கூடவே, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவனுக்கு மாலை வேளையிலே போக ஓர் இடம். வரவில்லையே ஏன் என்று கேட்க நான்கு தோழர்கள்.

மூச்சுக்கு மதம் உண்டோ?

இந்த இடத்திலே சில தோழர்களின் புருவம் உயர்வதைக் காண்கிறேன். யோகத்துக்குக் கொடி பிடிக்கிறதா நமது ஏடு? பகுத்தறிவுப் பாசறையிலே பத்மாசனமா?

கேள்வி நியாயமானது. விடை சொல்கிறேன். நாம் எதிர்ப்பது மூச்சை அல்ல. மூச்சின் மேல் போர்த்தப்படும் காவியை. மூச்சுக்குப் பூணூல் இல்லை, சிலுவை இல்லை, பிறையும் இல்லை. முன்னே சொன்னேனே யாழ்ப்பாணத்து மருத்துவர், அவர் மூச்சுப் பயிற்சியையும் உடலைத் தளர்த்திக் கிடக்கும் சாந்தி ஆசனத்தையும் தம் மக்களுக்குப் பரிந்துரைத்தார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை அமைதிப்படுத்தும் முறையிலே, இந்துவுக்கும் கத்தோலிக்கருக்கும் முஸ்லிமுக்கும் அவரவர்க்குப் பழகிய சொல்லையே எடுத்துக்கொள்ளச் செய்தார். மருத்துவனுக்கு வேண்டியது மனிதனின் அமைதி, மதத்தின் வெற்றியன்று.

பகுத்தறிவாளன் செய்ய வேண்டியது வெறுப்பதுமன்று, வியப்பதுமன்று, அளந்து பார்ப்பது. அளந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். 2014-இல் வெளிவந்த வான் டெர் கோல்க் குழுவினரின் ஆய்விலே பங்குகொண்டோர் 64 பெண்கள்; படைவீரர்கள் அல்லர், வேறு மருத்துவத்துக்கு வசப்படாத மனவடுவால் நெடுங்காலம் வருந்தியவர்கள். பத்து வாரம் யோகம் பயின்றவர்களில் 31 பேரில் 16 பேர் நோயின் வரையறையிலிருந்து வெளியேறினார்கள். யோகம் பயிலாத 29 பேரில் அவ்வாறு வெளியேறியவர்கள் 6 பேர். அதே ஆண்டிலே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் திரும்பிய 21 வீரர்களிடம் மூச்சுப் பயிற்சியைச் சோதித்தார்கள். பயின்றவர்களுக்குக் குறிகள் தணிந்தன. ஜியு-ஜிட்சு பற்றித் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வும் நம்பிக்கை தருவதே. ஆனால், பங்குகொண்டோர் மிகச் சிலர்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முன்னாள் வீரர்களே கொண்ட 209 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பதினாறு வாரப் பயிற்சியின் முடிவிலே யோகம் பயின்றோர் முன்னணியில் நின்றார்கள். ஏழு திங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் வீரர் துறையும் 2023-இல் கூடி வெளியிட்ட மருத்துவ வழிகாட்டி, மருத்துவரிடம் பேசித் தீர்க்கும் முறைகளையே முன்னால் வைக்கிறது. யோகம், தாய்-சி ஆகியவற்றுக்கு ஆதரவாகவோ எதிராகவோ பரிந்துரைக்கச் சான்று போதாது என்கிறது.

ஆகவே, சகல நோய்க்கும் சஞ்சீவி என்று மேடையிலே முழங்குகிறவரை நம்பாதீர்கள். ஆண்டுக்கொரு நாள் பாய் விரித்து, நிழற்படத்துக்கு முகம் காட்டிவிட்டுப் பாயைச் சுருட்டுகிறவரையும் நம்பாதீர்கள். ஊன்றுகோல் நல்லதுதான், ஊன்றுகோலையே கால் என்று சொல்லாதீர்கள். அவ்வளவே நான் சொல்ல வருவது.

கடன் பத்திரம்

இப்போது கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். அமெரிக்க முன்னாள் வீரர் துறை, யோகத்தையும் தாய்-சியையும் தன் மருத்துவச் சேவைகளின் பட்டியலிலே 2017-இல் சேர்த்தது. பாராட்டுவோம். அரசுப் பணத்திலே மருத்துவமனைகள் நடத்துகின்ற துறை அது, அதையும் பாராட்டுவோம். பாராட்டிவிட்டு, கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தையும் புரட்டுவோம்.

பிரௌன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வுத் திட்டம் 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2001-க்குப் பிந்திய போர்களின் களங்களிலே மாண்ட அமெரிக்கப் படையினர் 7,057 பேர். அந்தக் காலத்துப் படையினரிலும் முன்னாள் வீரரிலும் தற்கொலை செய்துகொண்டோர் என அது மதிப்பிட்ட தொகை 30,177! பகைவன் கொன்றவரைப் போல நான்கு மடங்குக்கு மேற்பட்டோர், போர் விதைத்த துயரம் முற்றித் தம் கையாலேயே மாண்டிருக்கிறார்கள். எல்லாக் காலத்து முன்னாள் வீரர்களையும் சேர்த்து, 2022-ஆம் ஓராண்டிலே மட்டும் 6,407 பேர் இவ்வாறு மாண்டதாக அரசாங்கமே அறிவித்தது.

இன்னொரு பக்கம். 2011 முதல் 2015 வரை ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டிப் படையிலிருந்து விலக்கப்பட்டோர் 91,764 பேர் என்கிறது அந்நாட்டு அரசுக் கணக்காய்வுத் துறையின் 2017 அறிக்கை. அவர்களுள் 57,141 பேருக்கு, விலக்கப்படுவதற்கு முந்திய இரண்டாண்டுகளுக்குள்ளேயே மனவடுவோ, மூளைக் காயமோ, குடிப்பழக்கம் போன்ற வேறு கோளாறோ இருப்பதாகப் படை மருத்துவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அந்த 57,141 பேரிலே 13,283 பேர் மதிப்புக் குறைந்த விலக்குச் சான்றோடு வெளியே தள்ளப்பட்டார்கள். அந்தச் சான்று கையிலிருந்தால், முன்னாள் வீரர் மருத்துவமனையின் கதவு திறக்காமலும் போகலாம்!

விளங்குகிறதா, தோழரே? நோயினால் குடித்தான், குடித்ததால் குற்றவாளி ஆனான், குற்றவாளி ஆனதால் நோய்க்கு மருந்து மறுக்கப்பட்டான். உள்ளே யோகப் பாய் விரித்திருக்கிறது. வெளியே வாசற்கதவு சாத்தியிருக்கிறது!

இது புதிய வழக்கமுமன்று. முதல் உலகப் போரிலே போரிட்டவர்களுக்கு 1924-இல் ஊக்கத்தொகைப் பத்திரம் கொடுத்தது அமெரிக்க அரசு. 1945-இலே பணம் தருவோம் என்றது. இடையிலே வந்தது பெரும் பஞ்சம். 1932-இலே ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள், பெண்டு பிள்ளைகளோடு வாஷிங்டன் நகருக்கு வந்து குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். பத்திரத்துக்கு இன்றே பணம் கொடு, பிள்ளை பசிக்கிறது என்றார்கள். ஜூலை 28-ஆம் நாள் தளபதி மக்கார்தரின் படை, குதிரைகளோடும் டாங்கிகளோடும் கண்ணீர்ப் புகையோடும் அவர்கள் மேல் பாய்ந்தது. குடிசைகள் எரிந்தன. சிப்பாயின் மேல் சிப்பாயையே ஏவிய அந்தக் காட்சியை நான் நாடகமாக எழுதினால், மிகைப்படுத்துகிறான் என்பார்கள். கிளர்ச்சி ஓயவில்லை, 1936-இலே பணம் வந்தது.

ஆகவேதான் சொல்கிறேன். போர்வீரன் கையிலிருப்பது பிச்சைப் பாத்திரமன்று; கடன் பத்திரம். உயிரைப் பணயமாக வாங்கிக்கொண்ட அரசு எழுதிக் கொடுத்த பத்திரம். மருத்துவர் வேண்டும், வீடு வேண்டும், வேலை வேண்டும், அவன் குடும்பத்துக்குத் துணை வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவாகும். மூச்சுக்குச் செலவில்லை. செலவில்லாத மருந்தின் மேல் அரசாங்கங்களுக்கு அளவில்லாத ஆசை பிறப்பது இயல்பு! மூச்சை இழுத்து விடு என்று அவனுக்குச் சொல்லிவிட்டுத் தாம் பெருமூச்சு விட்டு நகர்ந்து விடலாம் அல்லவா? அதைத்தான் அனுமதிக்கக் கூடாது. நோய் அவன் நெஞ்சிலே இருக்கிறது. நோயின் காரணம் அவன் நெஞ்சிலே இல்லை. 2003-இலே பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி ஈராக்கினுள் படையை அனுப்பினார்கள். அந்த ஆயுதக் குவியல் அங்கே அகப்படவே இல்லை. பொய் சொன்னது மேலே. மூச்சுத் திணறுவது கீழே!

மற்றொன்றையும் மறவாதீர்கள். வியட்நாம் போரிலே மாண்ட அமெரிக்கர் 58,000-க்கு மேற்பட்டோர். வாஷிங்டனிலே கருங்கற் சுவரிலே அவர்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். வியட்நாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே மாண்ட பொதுமக்கள் 20 இலட்சம். போராளிகள் 11 இலட்சம். வெடிச் சத்தம் கேட்டுக் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடும் தாய் அங்கேயும் இருந்திருப்பாள். அவளுக்குப் பாய் விரித்தவர் யார்? அவள் வடுவை அளந்தவர் யார்? வல்லரசின் சிப்பாய்க்கு இரங்குவோம். அவனை எங்கே அனுப்பினார்களோ அங்கே மாண்டவர்களையும் வாழ்ந்து வருந்துகிறவர்களையும் சேர்த்தே இரங்குவோம். ஒருபக்க இரக்கம் அரை இரக்கம்.

நமக்கென்ன என்போர்க்கு

அமெரிக்காக்காரன் துயரம் நமக்கெதற்கு என்பீரானால், வேலூர்ப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். கம்மவான்பேட்டையை ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய மண் அது. அத்தகைய ஊர்கள் நம் மாவட்டங்களிலே பல உண்டு. பனிமலையிலும் எல்லையிலும் ஆண்டுக்கணக்காக நின்றவர், ஓய்வு பெற்று வந்து திண்ணையிலே தனியே உட்கார்ந்திருப்பார். முன்கோபி என்று ஊர் சொல்லும். பட்டாளத்துச் சரக்கு என்று இளைஞர் நகைப்பார்கள். அவர் இரவிலே உறங்குகிறாரா என்று கேட்டவர் எத்தனை பேர்?

நீங்கள் கேளுங்கள். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குக் கேட்கப் படியேறுகிற தோழரே, ஒருமுறை வாக்குக் கேட்காமல் போய் உட்கார்ந்து, அவர் பேச்சைக் கேளுங்கள். தீபாவளிக்கு அவர் வாசலிலே வெடி வைக்கும் பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உறக்கமின்றித் தவிப்பவரை, இது கோழைத்தனமன்று, காயம் என்று எடுத்துச் சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஊரிலே சிலம்பக் கூடம் இருந்தால், பெரியவரையும் அழைத்து ஓர் ஓரத்திலே இடம் கொடுங்கள். விரும்பினால் கம்பைத் தொடட்டும், விரும்பாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவருக்குரிய ஓய்வூதியமோ மருத்துவ உதவியோ தடைப்பட்டிருந்தால், மனு எழுதுங்கள், அலுவலகத்துப் படியேறுங்கள், நமது கிளைக் கழகத்தின் வேலை அதுவும்தான்.

மீண்டும் அந்த ஓஹியோ வீட்டுக்கு வாருங்கள். இரண்டாம் காட்சி. ஓராண்டு சென்றிருக்கிறது. மறுபடியும் ஜூலை நான்கு. மறுபடியும் வெடிச் சத்தம். அவன் மேசைக்கு அடியிலே பாயவில்லை. மேசையின் விளிம்பை இறுகப் பற்றுகிறான். நீளமாக மூச்சு விடுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று. மனைவியின் கை அவன் கையின் மேல் இருக்கிறது. குழந்தை அவன் முகத்தையே பார்க்கிறது. அப்பா புன்னகை செய்கிறார். பாயும் பயிற்சிக் கூடமும் தந்த வெற்றி அது. சிறு வெற்றி, ஆயினும் பெரிது.

ஆனால், அதே மேசையின் மேல் ஒரு கடிதம் கிடக்கிறது. உமது விண்ணப்பம் ஆய்விலே இருக்கிறது என்கிறது கடிதம். சென்ற ஆண்டும் அதைத்தான் சொன்னது.

பயிற்சிக் கூடத்திலே அவன் ஒருமுறை தட்டினால் போதும். முன்பின் அறியாத எதிராளி உடனே பிடியைத் தளர்த்துகிறான். அரசாங்கத்தின் கதவை அவன் எத்தனை முறை தட்டுவது? அங்கே மல்லர்களிடம் இருக்கும் நாணயம், இங்கே மந்திரிகளிடம் இல்லையா? தனி ஒருவன் கை தட்டினால் கேளாத கதவும், ஆயிரம் கைகள் சேர்ந்து தட்டினால் கேட்கும். 1936-இலே கேட்டது, 1980-இலே கேட்டது. அவனோடு சேர்ந்து தட்டுவோம், தோழரே!